இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைனருக்கு உண்மையில் என்ன வேலை? மூன்று நேர்காணலுக்குப் போனேன், மூன்றிலும் வேறு வேறு வேலை

வெர்னியர்_டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். திருச்சி பக்கம் ஒரு கல்லூரியில் 9 வருடம் இயற்பியல் நடத்தினேன். ஆன்லைன் பாடம் தயாரிக்கும் வேலைக்கு மாறலாம் என்று போன மாதம் மூன்று இடத்தில் நேர்காணலுக்குப் போய் வந்தேன். மூன்று விளம்பரத்திலும் பதவியின் பெயர் ஒன்றுதான், இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைனர்.

முதல் இடத்தில் ஒரு பிடிஎஃப் கொடுத்து, இதை வேர்டு டேபிளில் ஸ்டோரிபோர்டாக, அதாவது எந்தத் திரையில் என்ன வரும் என்ற வரைவாக எழுதுங்கள், ஒரு நாளைக்கு எத்தனை ஸ்கிரீன் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். இரண்டாவது இடத்தில் பாடம் கட்டும் மென்பொருளான ஸ்டோரிலைன் தெரியுமா, கேப்டிவேட் தெரியுமா, வீடியோ வெட்டி ஒட்டத் தெரியுமா என்று கேட்டுவிட்டு, தெரியாது என்றதும் ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது ஒரு பல்கலைக்கழகம். அங்கே பேராசிரியர்களிடம் பேசி அவர்கள் பாடத்தை இணையத்துக்கு ஏற்றமாதிரி மாற்றவைக்க வேண்டும், பொறுமை இருக்கிறதா என்றார்கள்.

இதில் எது உண்மையான வேலை? நான் எதைக் கற்றுக்கொண்டு எந்தப் பக்கம் போவது? இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைனரைச் சுருக்கி ஐடி என்பார்கள், வீட்டில் "ஐடி வேலை" என்றால் மென்பொருள் கம்பெனி என்று நினைக்கிறார்கள், அவர்களுக்கு விளக்கிச் சொல்லவும் எனக்குத் தெரியவில்லை.

தரமணி_வாசி:
மூன்றும் உண்மையான வேலைதான். உங்களை யாரும் ஏமாற்றவில்லை.

நான் 2008-ல் சென்னையில் ஒரு இ-லேர்னிங் கம்பெனியில் சேர்ந்தேன். அப்போது அமெரிக்க, பிரிட்டிஷ் பதிப்பகங்களுக்கும் கம்பெனிகளுக்கும் இங்கிருந்து பாடம் செய்து கொடுப்பதுதான் தொழில், வேலை முழுக்கப் பிரித்துப் பிரித்து இருக்கும். ஐடி ஸ்டோரிபோர்ட் எழுதுவார். டேபிளின் ஒரு கட்டத்தில் திரையில் வரும் எழுத்து, பக்கத்தில் குரல் பேச வேண்டியது, அதற்குப் பக்கத்தில் என்ன படம், கடைசியில் டெவலப்பருக்குக் குறிப்பு. அதை வைத்து கிராஃபிக்ஸ் ஆள் படம் போடுவார், ஃபிளாஷ் என்ற அனிமேஷன் மென்பொருள் தெரிந்த ஆள் அசைய வைப்பார், தரம் பார்க்கும் க்யூஏ ஆள் பிழை பார்ப்பார், ஆல்ஃபா, பீட்டா, கோல்டு என்று மூன்று சுற்று வாடிக்கையாளருக்குப் போகும். உங்கள் முதல் நேர்காணல் அந்தக் காலத்து மிச்சம்.

அப்புறம் ஸ்டோரிலைன் மாதிரிக் கருவிகள் வந்து, எழுதுகிறவரே பாடத்தைக் கட்டவும் முடியும் என்று ஆனது. 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி ஃபிளாஷை நிறுத்தியபோது பழைய பாடத்தையெல்லாம் பிரவுசரிலேயே ஓடும் எச்டிஎம்எல்5-க்கு மாற்ற வேண்டியிருந்தது, அதை முடித்து நிமிர்ந்து பார்த்தால் நான்கு பேர் செய்த வேலை ஒருவர் தலையில் இருந்தது. அதுதான் உங்கள் இரண்டாவது நேர்காணல்.

ஆனால் எந்த இடமானாலும் மாறாத ஒரு வேலை உண்டு, அது எஸ்எம்இ-யோடு, அதாவது பாடம் தெரிந்த நிபுணரோடு, உட்கார்ந்து பேசுவது. ஒரு கிடங்குப் பாதுகாப்புப் பாடத்துக்கு ஒரு நிபுணர் 180 ஸ்லைடு அனுப்பினார். எதை நீக்கலாம் என்றால் எல்லாமே முக்கியம் என்கிறார். அரைமணி நேரம் போராடிவிட்டு வேறு மாதிரிக் கேட்டேன்: சார், போன வருடம் உங்கள் கிடங்கில் யாருக்கு எப்படி அடிபட்டது? உடனே மடமடவென்று ஐந்து சம்பவம் சொன்னார். ஐந்தில் நான்கு, சரக்கு தூக்கும் வண்டியான ஃபோர்க்லிஃப்டைப் பின்னால் எடுக்கும்போது நடந்தவை. அந்த 180 ஸ்லைடில் பின்னால் எடுப்பது பற்றி இருந்தது ஒரே ஸ்லைடு. பாடத்தைத் தலைகீழாகத் திருப்பினோம். ஒரு மணி நேரப் பாடம் 18 நிமிடம் ஆனது, அதில் பாதிக்கு மேல் பின்னால் எடுப்பதுதான்.

எழுத்து, கருவி எல்லாம் பழகிக்கொள்ளலாம். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிவதுதான் இந்த வேலை என்று 16 வருடம் கழித்தும் நினைக்கிறேன்.

கரும்பலகை:
நான் பாலிடெக்னிக்கில் 31 வருடம் மெக்கானிக்கல் நடத்தி ஓய்வு பெற்றவன். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்கிறேன். பாடம் நடத்துகிறவனே பாடத்தை வடிவமைக்கிறவன்தானே? நடுவில் இன்னொருவர் எதற்கு? வகுப்பில் பையன் முகத்தைப் பார்ப்பேன், புருவம் சுருங்கினால் உதாரணத்தை மாற்றுவேன். பாடமே தெரியாத ஒருவர் வந்து என் பாடத்தில் எது வேண்டும் எது வேண்டாம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

கொரோனா நேரத்தில் நானே 70 வீடியோ எடுத்துப் போட்டேன். யாருடைய உதவியும் இல்லை.

மேப்பிள்_நிழல்:
ஐயா, நீங்கள் சொன்ன அந்த முகம்தான் முழு விஷயமும். இணையத்தில் அது இல்லை. இரவு பதினொரு மணிக்கு வேலை முடிந்து பேருந்தில் போனில் பார்க்கிற பையன் புருவத்தைச் சுருக்கினால் உங்களுக்குத் தெரியாது, அவன் அடுத்த நொடி மூடிவிட்டுப் போய்விடுவான். எந்த இடத்தில் முகம் சுருங்கும் என்று முன்கூட்டியே ஊகித்து, அங்கே ஒரு கேள்வியோ ஒரு சின்ன உதாரணமோ ஒரு நிறுத்தமோ வைக்க வேண்டும். அதற்கு உங்கள் 31 வருட ஞாபகம் வேண்டும், அதை உங்களிடமிருந்து கேட்டு வாங்க இன்னொருவரும் வேண்டும். பாடம் தெரியாதவராக இருப்பதே சில நேரம் அவருக்குப் பலம். நமக்குப் பழகிப்போனதால் சொல்லாமல் தாண்டிவிடும் படியில் அவர்தான் தடுக்கி விழுவார், நம் மாணவரும் அங்கேதான் விழுவார்.

இது புதிதும் இல்லை. பிரிட்டனில் 1969-ல் ஓப்பன் யுனிவர்சிட்டி தொடங்கியதிலிருந்தே ஒரு பாடத்தை ஒரு குழுவாகத்தான் செய்தார்கள். பேராசிரியர்கள், எடிட்டர், பிபிசி தயாரிப்பாளர் எல்லோரும் ஒரே மேசையில்.

நான் கனடாவில் ஒன்டாரியோவில் ஒரு கல்லூரியில் இருக்கிறேன். வெர்னியர் டீச்சர் சொன்ன மூன்றாவது வகை. செமஸ்டர் தொடங்க நான்கைந்து மாதம் முன்பே ஆசிரியரோடு உட்கார்ந்து, கடைசியில் மாணவர் என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும், அதை எப்படிச் சோதிப்போம், அதற்கு வாரவாரம் என்ன பயிற்சி என்று பின்னாலிருந்து முன்னால் வருவோம். பாதி ஆசிரியர்கள் முதல் வாரத்தில் என்ன வீடியோ என்றுதான் ஆரம்பிப்பார்கள், அதை மெதுவாகத் திருப்ப வேண்டும்.

இங்கே இன்னொரு பெரிய வேலை, எல்லோராலும் பயன்படுத்த முடிகிறதா என்று பார்ப்பது. ஊனமுற்றோருக்கான அணுகல் சட்டம் இங்கே 2005-ல் வந்தது. 2021 ஜனவரி முதல் பெரிய நிறுவனங்களின் இணையதளம் டபிள்யூசிஏஜி 2.0 என்ற இணைய அணுகல் தரத்தின் ஏஏ நிலையில் இருக்க வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 வேறுபாடு, வீடியோவுக்கு எழுத்துரை, படத்துக்கு விளக்கம் எல்லாம் அதில் வரும். கேட்கச் சலிப்பாக இருக்கலாம். ஆனால் பார்வையற்ற ஒரு மாணவி என் அறைக்கு வந்து தன் திரைவாசிப்பானை ஓடவிட்டுக் காட்டினாள். ஆசிரியர் ஸ்கேன் செய்து ஏற்றியிருந்த 40 பக்கக் குறிப்பில் அது ஒரு எழுத்தைக்கூட வாசிக்கவில்லை, "படம், படம், படம்" என்றே சொல்லிக்கொண்டு போனது. அன்றிலிருந்து ஸ்கேன் பிடிஎஃப் எதையும் நான் விடுவதில்லை.

கரும்பலகை:
படம் படம் என்று வாசித்தது என்பதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன் அம்மா. என் 70 வீடியோவோடு நான் போட்ட குறிப்பெல்லாம் கையால் எழுதி ஸ்கேன் செய்ததுதான்.

நான்காம்_பகுதி:
நம் நாட்டு நிலவரம் கொஞ்சம் சொல்கிறேன். மத்திய அரசின் ஆன்லைன் படிப்புத் தளமான ஸ்வயத்துக்குப் பாடம் தயாரிக்கும் ஒரு குழுவில் நான்கு வருடம் இருந்தேன். ஸ்வயம் 2017 ஜூலை 9-ல் தொடங்கியது. அங்கே பாடத்துக்கு நான்கு பகுதி வேண்டும்: வீடியோ, வாசிக்கும் பொருள், விவாதப் பகுதி, தன்மதிப்பீடு. 2021 முதல் ஒரு செமஸ்டரில் 40 சதவீதம் வரைக்கும் பாடங்களை இதில் படித்துக் கிரெடிட் வாங்கலாம் என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி இருக்கிறது. அப்படியென்றால் இதை வடிவமைக்க எத்தனை ஆள் வேண்டும் யோசித்துப் பாருங்கள். ஆனால் நான் பார்த்த குழுக்களில் இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைனர் என்று ஒருவர் தனியாக இல்லை. ப்ராஜெக்ட் அசோசியேட், டீச்சிங் அசிஸ்டென்ட் என்று பெயர் இருக்கும், செய்வது இந்த வேலைதான். பெயர் இல்லாததால் பேராசிரியரிடம் "சார், இந்தக் கேள்வி சரியில்லை" என்று சொல்லும் அதிகாரமும் இல்லை.

நேரம் எல்லாம் வீடியோவுக்கே போகும். ஸ்டுடியோ, லைட், பச்சைத் திரை. நான்காம் பகுதியான தன்மதிப்பீட்டைக் கடைசி வாரத்தில் யாராவது ஆராய்ச்சி மாணவர் உட்கார்ந்து எழுதுவார். அதனால்தான் இந்தப் பெயரை வைத்துக்கொண்டேன். மாணவர் பக்கம் போய்ப் பாருங்கள், அவர் முதலில் திறப்பதே அசைன்மென்டைத்தான், அதற்கு விடை தேடித்தான் வீடியோவுக்குள் வருகிறார். ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் திட்டத்தின் சான்றிதழ்ப் பாடங்கள் 2014-ல் தொடங்கின. அங்கே அசைன்மென்டுக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75 என்று மதிப்பெண். அந்த அமைப்பே மாணவர் எப்படிப் படிப்பார் என்பதைத் தீர்மானிக்கிறது. அசைன்மென்ட் வெறும் வரையறை கேட்டால் அவர் வரையறை மட்டும்தான் படிப்பார்.

வீடியோ நீளம் பற்றியும் ஒன்று. 2014-ல் எடெக்ஸ் என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட தரவை ஆராய்ந்து, எவ்வளவு நீள வீடியோவானாலும் பாதிக்குப் பாதி முறை ஆறு நிமிடத்துக்கு மேல் பார்க்கப்படுவதில்லை என்று கண்டார்கள். அதைக் கேட்டுவிட்டு எங்கள் இடத்தில் ஒரு மணி நேர விரிவுரையைக் கத்திரிக்கோல் போட்டுப் பத்தாக வெட்டினார்கள். ஒரு துண்டு வாக்கியத்தின் நடுவிலேயே முடிந்தது. ஒரு துண்டுக்கு ஒரே கருத்து, அது முடிந்ததும் ஒரு கேள்வி என்று முதலிலிருந்தே எழுதினால்தான் ஆறு நிமிடத்துக்கு அர்த்தம்.

ஸ்கார்ம்_வைத்தியர்:
நான் எல்எம்எஸ், அதாவது மாணவர் பாடம் படிக்கும் தளத்தின் மென்பொருள், அந்தப் பக்கம் இருப்பவன், பாடத்தை ஏற்றி ஓடவைப்பதுதான் என் வேலை. டிசைனருக்கு நுட்பம் தேவையில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு சம்பவம்.

ஒரு பெரிய பாடம், 120 ஸ்கிரீன், எல்லா ஸ்கிரீனும் பார்த்தாயிற்றா என்று குறித்துவைக்கும் அமைப்பு. ஏற்றினோம். ஒரு வாரத்தில் புகார் குவிந்தது, பாதியில் மூடிவிட்டுத் திரும்ப வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது என்று. சர்வர், பிரவுசர் எல்லாம் பார்த்து மூன்று நாள் போனது. காரணம் என்னவென்றால் பாடமும் எல்எம்எஸ்ஸும் பேசிக்கொள்ள ஸ்கார்ம் என்று ஒரு தரம் உண்டு, அதன் 1.2 பதிப்பு விதிப்படி, விட்ட இடத்தை நினைவு வைக்க 4,096 எழுத்துக்குத்தான் இடம். பாடம் அதைவிட அதிகமாக எழுதப் பார்த்தது, எல்எம்எஸ் மொத்தத்தையும் தள்ளிவிட்டது. அந்தப் பாடத்தை மூன்றாகப் பிரித்திருந்தால் வந்தே இருக்காது, ஸ்கார்ம் 2004 நான்காம் பதிப்பில் ஏற்றியிருந்தாலும் 64,000 எழுத்து வரை இடம் இருந்திருக்கும். இது ஸ்டோரிபோர்ட் எழுதும் அன்றே எடுக்க வேண்டிய முடிவு, என்னிடம் வந்த பிறகு எடுப்பது இல்லை. புரோகிராம் எழுத வேண்டாம், ஆனால் பாடம் எங்கே ஓடப் போகிறது என்று முதல் நாளே எங்களைக் கேளுங்கள்.

தமிழில் மாற்றுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆங்கிலத்தில் நான்கெழுத்துப் பொத்தான் தமிழில் இரண்டு சொல் ஆகிவிடும், பெட்டியை விட்டு வெளியே தொங்கும். முதலிலேயே இடம் விட்டு வடிவமைத்தால் எவ்வளவோ நல்லது.

வார்டு_பயிற்சி:
நான் மதுரையில் ஒரு மருத்துவமனையில் செவிலியர் பயிற்சியைக் கவனிக்கிறேன். டிசைனர் இல்லை, டிசைனரிடம் வேலை வாங்கியவள். இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

எங்கள் மருத்துவமனையில் கை சுத்தம் கடைப்பிடிப்பது குறைவாக இருந்தது. நிர்வாகம் ஆன்லைன் பாடம் ஒன்று போடு என்றது. நானே முதலில் ஒன்று செய்து போட்டேன். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து தருணங்கள் இருக்கின்றன அல்லவா, நோயாளியைத் தொடும் முன், சுத்தமான செயல்முறைக்கு முன், உடல் திரவம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்ட பின் என்று. அதைப் படம் போட்டு விளக்கிப் பத்துக் கேள்வி வைத்தேன். கிட்டத்தட்ட எல்லோரும் முழு மதிப்பெண். வார்டில் போய் எண்ணிப் பார்த்தால் ஒரு மாற்றமும் இல்லை.

அப்புறம் வெளியிலிருந்து ஒரு இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைனரை வரவழைத்தோம். சின்ன வயதுப் பெண். பழைய பாடத்தை அழகாக்கிக் கொடுப்பாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை, ஒரு நாள் முழுக்க வார்டு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். மாலையில் என்னிடம் வந்து, "அக்கா, இவர்களுக்கு எல்லாம் தெரியும். ஹேண்ட் ரப் பாட்டில் கதவுப் பக்கம் இருக்கிறது, ஜன்னலோரப் படுக்கையிலிருந்து அங்கே போய் வர இருபத்திரண்டு அடி எடுத்து வைக்க வேண்டும், ஒரு செவிலியர் பத்துப் பன்னிரண்டு நோயாளியைப் பார்க்கிறார். பாட்டிலை ஒவ்வொரு கட்டிலிலும் மாட்டுங்கள், பாடம் வேண்டாம்" என்றாள்.

பாடம் செய்தால்தான் அவளுக்குக் காசு. அதை வேண்டாம் என்று சொன்னாள். பாட்டில் மாட்டினோம், அந்த வார்டில் கண் எதிரே மாறியது. அந்த ஒரு நாளுக்குரிய கட்டணத்தை வாங்கிக் கொடுக்க நான் நிர்வாகத்தோடு சண்டை போட்டேன், பாடம் எங்கே என்று கேட்டார்கள்.

தரமணி_வாசி:
வார்டு அக்கா, இதைத்தான் எந்த விளம்பரத்திலும் எழுதமாட்டார்கள். பழைய ஆட்கள் இதற்கு ஒரு கேள்வி வைத்திருந்தார்கள், ராபர்ட் மேகர் என்ற அமெரிக்கப் பயிற்சி நிபுணர் பிரபலப்படுத்தியது: உயிரே போகும் என்றால் இந்த ஆளால் இந்த வேலையைச் சரியாகச் செய்ய முடியுமா? முடியும் என்றால் அவருக்குத் தெரியாமல் இல்லை, தடை வேறு எங்கோ இருக்கிறது. அங்கே பாடம் போட்டுப் பயனில்லை. நேர்காணலில் பாடம் வடிவமைக்கும் ஐந்து படிகளின் சுருக்கமான ஏடிடிஐஇ-க்கு விரிவாக்கம் கேட்பார்கள், 1975-ல் அமெரிக்க ராணுவத்துக்காக ஃப்ளோரிடா ஸ்டேட் யுனிவர்சிட்டியில் செய்த வேலையிலிருந்து வந்தது அது. அதில் முதல் எழுத்தே பகுப்பாய்வு. ஆனால் என் அனுபவத்தில் பெரும்பாலான ப்ராஜெக்ட் எங்களிடம் வரும்போது அந்த முதல் எழுத்து தாண்டிப் போயிருக்கும், "40 நிமிடப் பாடம், மார்ச் 31-க்குள் வேண்டும்" என்று முடிவெடுத்துவிட்டுத்தான் வருவார்கள்.

இதில் எனக்கு உண்மையான வருத்தம் இருக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் ஸ்கிரீன் எண்ணிக்கைக்குத்தான் பில். 180 ஸ்லைடை 50 ஆக்கினால் வாடிக்கையாளருக்கு நல்லது, படிப்பவருக்கு நல்லது, எங்களுக்கு வருமானம் போய்விடும். குறைத்த டிசைனரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். அந்தப் பையன் ஆறு மாதத்தில் போய்விட்டான், நல்ல பையன்.

கரும்பலகை:
சரி, முதலில் கேட்டதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஸ்டூல் போட்டு உட்கார்ந்த பெண் மாதிரி ஒருவர் வந்தால் என் பாடத்தை நம்பிக் கொடுப்பேன். ஆனால் இப்போது ஏஐ வந்துவிட்டதே, பிடிஎஃப் கொடுத்தால் பத்து நிமிடத்தில் ஸ்டோரிபோர்டே எழுதிவிடுகிறது என்கிறார்கள். வெர்னியர் டீச்சரை இந்த வேலைக்கு வாருங்கள் என்று சொல்வது நியாயமா?

தரமணி_வாசி:
நியாயமான கேள்வி ஐயா. எழுதுகிறதுதான், நானும் பயன்படுத்துகிறேன், முதல் வரைவுக்கு நேரம் மிச்சம். வெறும் எழுத்தை மட்டும் செய்து சம்பாதித்த இடங்கள் குறையும், அதை மறைத்துப் பேச விரும்பவில்லை. ஆனால் கொள்குறி வினா எழுதச் சொல்லிப் பாருங்கள். சரியான விடை சரியாக வரும், தவறான மூன்று விடையும் பெரும்பாலும் ஒப்புக்குத்தான் இருக்கும், படிக்காதவன்கூடத் தள்ளிவிடுவான். நல்ல கேள்வியின் உயிர் அந்தத் தவறான விடையில் இருக்கிறது. மாணவன் எங்கே சறுக்குவான் என்று தெரிந்தவர்தான் அதை எழுத முடியும்.

வெர்னியர் டீச்சர், 9 வருடம் ரெக்கார்டு நோட்டுத் திருத்தியிருக்கிறீர்கள். உங்கள் கையில் இருப்பது அதுதான். கருவியை ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம், கருவிகளின் சோதனைப் பதிப்பு கிடைக்கும், அதில் பழகுங்கள். அடுத்த நேர்காணலுக்குச் சான்றிதழ் தேடி ஓடாமல் ஒரே ஒரு கேள்வி செய்துகொண்டு போங்கள். ஒவ்வொரு தவறான விடையும் நீங்கள் நோட்டில் நிஜமாகப் பார்த்ததாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பின்னூட்டம். இங்கேயே போடுங்கள், பார்ப்போம்.

வெர்னியர்_டீச்சர்:
இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியிருக்கிறீர்கள், நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து செய்தேன். முதல் வருட லேபில், நீளம் அளக்கும் வெர்னியர் கருவி பற்றி வருவது.

கேள்வி: வெர்னியரின் மீச்சிற்றளவு 0.01 செ.மீ. நேர் சுழிப்பிழை 0.03 செ.மீ. ஓர் உருளையை அளக்கும்போது முதன்மைக்கோல் அளவு 2.3 செ.மீ., வெர்னியர் ஒன்றிப்பு 6. உருளையின் சரியான விட்டம் என்ன?

2.39 என்று சொன்னால்: பிழையைக் கூட்டிவிட்டீர்கள். கருவி ஒன்றையும் பிடிக்காதபோதே 0.03 காட்டுகிறது. அப்படியென்றால் உருளையைப் பிடித்தபோது காட்டியது உண்மையைவிட அதிகமா, குறைவா?

2.36 என்று சொன்னால்: அளவு சரியாக எடுத்தீர்கள். உருளையை வைக்கும் முன் கருவி சுழியில்தான் இருந்ததா?

2.87 என்று சொன்னால்: ஒன்றிப்பு 6-ஐ 0.6 செ.மீ. என்று எடுத்திருக்கிறீர்கள். மீச்சிற்றளவு எத்தனை செ.மீ. என்று மேலே பாருங்கள்.

2.33 என்று சொன்னால்: சரி. 2.36-லிருந்து 0.03 கழித்தீர்கள்.

மூன்று தவறும் நான் நோட்டில் பார்த்தவைதான். 2.36 தான் அதிகம் வரும்.

நான்காம்_பகுதி:
இரண்டாவது பின்னூட்டம் அருமை. விடையைச் சொல்லாமல் கருவியைத் திரும்பிப் பார்க்க வைக்கிறது. இதுமாதிரி வாரத்துக்கு ஐந்து கேள்வி இருந்திருந்தால் நாங்கள் ஸ்டுடியோவுக்குச் செலவழித்ததில் பாதி போதும்.

மேப்பிள்_நிழல்:
திரையில் போடும்போது வெர்னியர் படம் வைப்பீர்கள் அல்லவா, படத்துக்கான விளக்கத்தில் எந்தக் கோடு எந்தக் கோட்டோடு பொருந்துகிறது என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். தவறை சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டாதீர்கள், நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்குப் பக்கத்தில் ஒரு குறியும் வேண்டும்.

கரும்பலகை:
டீச்சர், கேள்வி நன்றாக இருக்கிறது. ஆனால் நேர் சுழிப்பிழை சுலபமான பக்கம். என் பையன்கள் நிஜமாக விழுந்தது எதிர் சுழிப்பிழையில். வெர்னியரின் சுழி இடப்பக்கம் தள்ளியிருக்கும், எட்டாவது கோடு பொருந்தும், உடனே பிழை 0.08 என்று எழுதுவான். பத்திலிருந்து எட்டைக் கழித்து 0.02 என்று எடுக்க வேண்டும், அதுவும் எதிர்க்குறியோடு. அந்த 0.08-ஐ நான் 31 வருடமும் பார்த்திருக்கிறேன், ஒரு பேட்ச் தவறாமல். அதையும் ஒரு விடையாக வையுங்கள்.

வெர்னியர்_டீச்சர்:
ஐயா, 0.08! நானும் பார்த்திருக்கிறேன், இதை எப்படி மறந்தேன். இரண்டாவது கேள்வியாக வைக்கிறேன். அந்தப் பின்னூட்டத்தை மட்டும் நீங்கள் சொல்லுங்கள், வகுப்பில் அந்தப் பையனிடம் என்ன சொல்வீர்களோ அதை அப்படியே.

கரும்பலகை:
"தம்பி, கோட்டை எந்தப் பக்கமிருந்து எண்ணினாய்?" என்று கேட்பேன். அவனே சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்வான்.